தாய்மாமன் சீர்

இரண்டு வருடம் தினமும் காலையில், வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். எந்த மருத்துவரும் சொல்லவில்லை. எனக்கு நானே எழுதிக் கொடுத்துக்கொண்டது. சிறுநீர் நுரைத்தது, காலையில் எழுந்தால் இமை தடித்திருந்தது, ஆகவே கல் என்று தீர்மானித்துவிட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமே என்றாள் மனைவி. கல்லைக் கரைத்த பிறகு எடுத்தால் ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, பிறகு எதற்கு எடுப்பது என்று கேட்டேன். இந்தத் தர்க்கத்துக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பிற்பாடு டாக்டராலும் முடியவில்லை.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவ நூல்கள் இருக்கும் அலமாரி என் நாற்காலிக்கு நேர் பின்னால். கையைப் பின்னால் நீட்டினால் சிறுநீரகம் தட்டுப்படும். இருபத்தெட்டு வருடமாக அந்த அலமாரியில் சாய்ந்துகொண்டுதான் உலக இலக்கியம் முழுவதும் வாசித்தேன். ஒரு நாளும் திரும்பி உட்கார்ந்ததில்லை. சாய்ந்தபடியே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாழைத்தண்டின் மகிமையைச் சொன்னேன். வணிகவியல் பேராசிரியர் ஒருவரையும் வரலாற்றுத் துறைத் தலைவரையும் குடிக்க வைத்தேன். அவர்களுக்குக் கல்லும் இல்லை, வேறு நோயும் இல்லை. ஆகையால் நல்ல குணம் தெரிகிறது என்றார்கள்.

தண்டு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தது. என் தங்கையை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு ஆற்றுப் பாசனத்தில் வாழை. தார் வெட்டியதும் தண்டை உரித்துச் சாக்கில் கட்டி, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பிவிடுவார். அந்த வழித்தடத்துக் கண்டக்டர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பெயர் தெரியாது, தண்டுக்காரர் என்று தெரியும்.

ஒரு நாள் நூலகத்து மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அட்டெண்டர் மேலே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மொகமெல்லாம் ஊதிக் கெடக்கு. தண்டு போதும். பைய ஒரு டாக்டரப் போய்ப் பாருங்க" என்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு சிறுநீரக டாக்டரிடம் போனேன். இளம்பெண். என் மகனைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். ரத்தமும் ஸ்கேனும் எடுத்தார்கள். ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது, எனக்கு நாலைத் தாண்டியிருந்தது. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், அதுல பொட்டாசியம் நிறைய. உங்க கிட்னியால அதை வெளியேத்த முடியாது. ரத்தத்துல அது இன்னும் கொஞ்சம் கூடியிருந்தா ஹார்ட் நின்னிருக்கும்."

"கல்லு கரையுறதுக்காக..."

"கல்லே இல்ல சார். ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்கு. இது பல வருஷமா நடந்துக்கிட்டு இருக்கு."

சாற்றால் வந்த நோய் இல்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். பிறகு அந்த ஆறுதலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "ஆனா முன்னாடியே வந்திருந்தா, மாத்திரையிலயே ரொம்ப வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம். இப்ப நாம டயாலிசிஸுக்குத் தயாராகிறதைப் பத்திப் பேசணும்."

எனக்குச் சர்க்கரை கிடையாது. ரத்த அழுத்தம் பின்னால் வந்து சேர்ந்தது. சுருங்கிப்போன சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தாலும் காரணம் தெரியாதாம். அதனால் அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். யாருக்காவது சிறுநீரக நோய் உண்டா?

"எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது" என்றேன், பெண் வீட்டாருக்கு உறுதி சொல்வது போல.

அதற்குப் பிறகு அவர் ஏதோ கேட்டார். நான் தண்டைப் பற்றி என்று நினைத்து அதற்குப் பதில் சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி வேறு எதற்கோ பதில் சொன்னேன். அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, என்னை நேராகப் பார்த்து, "காது எப்படி சார்?" என்றார்.

காதுக்கு ஒன்றும் இல்லை என்றேன். கொரோனாக் காலத்திலிருந்தே ஊரில் எல்லோரும் மெதுவாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது என் கருத்து. முகக்கவசம் வந்தபோது எல்லோருடைய உதடும் மறைந்துபோனது, நான் அத்தனை வருடமும் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறேன் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. நூலகத்தில் வேலை. அங்கே யாரும் சத்தம் போடக் கூடாது என்று சட்டம். செவிடனுக்கு இதைவிடச் சௌகரியமான உத்தியோகம் உண்டா?

"அம்மா வழியில யாருக்காவது காது கேட்காம இருந்ததா?"

"மாமாமார் மூணு பேருக்கும்" என்றேன். "அது நோய் இல்லீங்க."

ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறை வரைய வேண்டும். யார், எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று எழுத வேண்டும். கப்பலில் போன வெள்ளைக்காரக் குடும்பங்களின் ஏழு தலைமுறை வம்சாவளி எனக்கு மனப்பாடம். எல்லாம் நாவலில் படித்தது. என் அம்மாவின் அண்ணன் தம்பிகள் எதனால் செத்தார்கள் என்று தெரியாது.

முக்கூடலில் சித்தி இருக்கிறாள், அம்மாவின் தங்கை. மூன்று பெண்களைப் பெற்றுக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். நான் போனபோது மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். டி.வி.யில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். தாளை விரித்ததும் ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னலே இது, தாயக்கட்டம் மாதிரி?"

"நம்ம குடும்பம் சித்தி. பெரிய மாமா எதுல செத்தாரு?"

"சூடு. காலு ரெண்டும் வீங்குச்சு, பொறவு மொகம். சூடு ஏறிப் போச்சு."

"நடு மாமா?"

"அவனுக்கு எவளோ சோத்துல மருந்து வச்சிட்டா. வாந்தி வாந்தியா எடுத்தே செத்தான். நல்லவன், பாவம்."

"சின்ன மாமா?"

"பம்பாய்க்கு வேலைக்குப் போனான்லா. அங்கன தண்ணி ஒத்துக்கல."

"யாருக்காவது கிட்னிக் கோளாறுன்னு..."

சித்தியின் கை நின்றது. "சீ! அந்த மாதிரி நோவெல்லாம் நம்ம வீட்ல கெடையாது. நல்ல குடும்பம்லே நம்மது."

"மூணு பேருக்கும் காது கேக்காதுல்லா சித்தி?"

"காது கேக்காது. அதுக்கென்ன? அது நோவாலே? அது பரம்பரை."

சதுரங்களுக்குப் பக்கத்தில் முறையே சூடு, மருந்து, பம்பாய் என்று எழுதிக்கொண்டு வந்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வயதை மட்டும் பார்த்தார். மூவரும் ஐம்பதைத் தொடவில்லை. மூவருக்கும் காது கேட்கவில்லை. "சின்ன வயசுல காய்ச்சல் வந்தா சிறுநீர் கறுப்பாப் போகுமா?" என்று கேட்டார். போகும். கருப்பட்டிக் காப்பி மாதிரிப் போகும். அம்மா சூடு என்பாள், நன்னாரி போட்டுக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் அந்த ஒரு பெயர்தான் இருந்தது.

மரபணுச் சோதனைக்கு இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள். இத்தனை தலைமுறை விஷயம், ஒரு செம்பாவது எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். குழாய்களை ஒரு பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் என் இடது கையில் ரத்தக் குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்தார்கள், பின்னால் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக. அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே மாவு மில் ஓடுவது போல அதிரும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்று அளவும் வந்தது. காப்பி, ரசம், மோர் எல்லாம் அதில் அடக்கம். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆற்றின் கரையில் பிறந்துவிட்டு, சித்திரை வெயிலில் அளவுக் கோடு போட்ட பாட்டிலோடு திரிந்தேன். பகலில் களைப்பு. தூங்கி எழுந்தால் அதைவிடக் களைப்பு. மருத்துவமனை நாற்காலிகளில் எதற்குக் கால் ஆடும், எதற்கு ஆடாது என்று தெரிந்துகொண்டேன். அந்த அறிவு எனக்கு வேறு எதையும்விட அதிகமாகப் பயன்பட்டது.

முடிவு வந்தது. நோய்க்கு யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயர். டாக்டர் ஒரு சல்லடைப் படம் போட்டார். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் சல்லடையைப் பின்ன ஒரு நூல் வேண்டும். அதே நூல்தான் காதுக்குள்ளும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்த நூலைத் திரிக்கும் குறிப்பில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சல்லடை நாளாவட்டத்தில் கிழிகிறது, காதும் போகிறது.

"இது உங்க அம்மாகிட்ட இருந்து வந்தது. எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பெண்களுக்கு எக்ஸ் ரெண்டு, அதனால அவங்க ஓரளவு சமாளிப்பாங்க. ஆண்களுக்கு ஒண்ணுதான். உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரே பையன்."

"அப்ப கவலையில்ல. அப்பாகிட்ட இருந்து பையனுக்கு இது போகாது."

என்னிடமிருந்து மகனுக்கு நல்லது எதுவும் போகவில்லை என்று அவன் தாய் முன்பே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். கெட்டதும் போகவில்லை என்பதற்கு இப்போது சான்றிதழ் கிடைத்தது. வெகு நாள் கழித்து மனது கொஞ்சம் லேசானது. அந்த லேசு, மாடியிலிருந்து கீழே இறங்கும் வரைதான் இருந்தது. கீழே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

டயாலிசிஸ் என்று கேள்விப்பட்ட முதல் நாளே தங்கை சொல்லிவிட்டாள். "எங்கிட்ட ரெண்டு இருக்குல்லா? ஒண்ண எடுத்துக்கயேன்." இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு இட்லிப் பானையைத் தூக்கிக் கொடுப்பது போலச் சொன்னாள். ரத்த வகையும் ஒன்றுதான். ஆனால் டாக்டர், அம்மா வழியில் வந்தது தங்கைக்கும் இருக்கலாம், அந்த ஒரு எழுத்தை மட்டும் அவள் ரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும் என்றார். பிரசவத்துக்குப் பிறகு சோதனைக்கென்று ரத்தம் கொடுத்தே அறியாதவள். "உனக்காகப் பாக்கணும்" என்று சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டாள். அண்ணனுக்குக் கொடுப்பதற்காக என்றதும் சேலை மாற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் அவள் முடிவும் வந்தது. அவளுக்கும் இருந்தது.

"நீங்க குடுக்கக் கூடாதும்மா. உங்களுக்கே பின்னால வேணும்" என்றார் டாக்டர்.

தங்கை அழுதாள். அவளுக்கு வந்ததற்காக அழவில்லை. "அப்ப எங்க அண்ணனுக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டு அழுதாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அவள் அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

"உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?"

ஒரே மகன். இருபத்தைந்து வயது. கயத்தாறு பக்கம் காற்றாலையில் வேலை, ராட்சசக் காற்றாடிக் கம்பத்துக்குள் ஏறி இறங்கிப் பழுது பார்ப்பவன். பிறந்த அன்றே பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மாமனை உரித்து வைத்திருக்கிறான் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஆண் குழந்தைக்கு அது பாராட்டு. தாய்மாமனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு. மடியில் உட்கார வைத்துக் காது குத்தினேன். என் கையைக் கடித்தான். முதல் மொட்டை, புதுத் துணி, காதுக்குக் கம்மல் என்று தாய்மாமன் சீர் ஒன்றையும் குறைத்ததில்லை. இரண்டு மூன்று வருடமாக அவன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காற்றாலைச் சத்தம் என்றார் மாப்பிள்ளை. செல்போனைக் காதில் மாட்டியே திரிந்தால் என்ன ஆகும் என்றாள் தங்கை. நான், மாமனைப் போல யோசனைக்காரன் என்று சொல்லியிருந்தேன்.

அவனுக்கு வந்திருப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு என்றார் டாக்டர். வந்திருந்தால், இப்போதே தெரிந்தால், மாத்திரையால் நெடுங்காலம் தள்ளிப் போடலாம். தள்ளிப் போடுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் சாறு பிழிந்து குடித்த வருடங்கள் அவை.

ஒரு சின்னத் திருத்தமும் சொன்னார். "உங்ககிட்ட இருந்து அவருக்குப் போகல சார். உங்க அம்மாகிட்ட இருந்து உங்களுக்கும் வந்தது, உங்க தங்கைக்கும் வந்தது. தங்கைகிட்ட இருந்து மகனுக்கு." ஆக, தாய்மாமன் சீர் என்று இதைக்கூட நான் சொல்லிக்கொள்ள முடியாது.

தங்கை வெளியே வந்ததும் முக்கூடலுக்குப் போன் போட்டாள், எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"சித்தி, நெசத்தச் சொல்லு. மாமாமாருக்கு என்ன?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது. "உங்க அம்மையப் பொண்ணு பாத்துட்டு மூணு எடத்துல வேண்டாம்னுட்டுப் போனானுவ" என்றாள் சித்தி. "அந்த வீட்டுப் பொண்ண எடுத்தா ஆம்பளப் பிள்ள நெலைக்காதுன்னு ஊர்ல ஒரு பேச்சு. எங்க அம்ம கூடப் பொறந்த ஆணு அம்புட்டும் போச்சுல்லா. அதுக்கு முந்தி எங்க ஆச்சி கூடப் பொறந்த ஆணுவளும் அப்படித்தான். எங்க அண்ணன் தம்பி மூணுக்கும் அப்பமே காது மந்தம். உங்க அப்பா வெளியூர்க்காரரு, வாத்தியாரு. மூடநம்பிக்கைன்னு சொல்லிட்டுத் தாலியக் கட்டிட்டாரு."

என் அப்பா அந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கடைசிவரை பெருமைப்பட்டார். ஊர்ப் பேச்சைக் காலால் தள்ளியவர் என்று நானும் என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். நுண்ணோக்கி இல்லாமல், ரத்தம் எடுக்காமல், முக்கூடல்காரர்கள் மூன்று தலைமுறை எண்ணிப் பார்த்துச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். படித்தவர் வந்து அதைத் தவறு என்று நிரூபித்தார், நாங்கள் பிறந்தோம்.

"நான் கேக்க வந்தப்ப ஏன் சித்தி சொல்லல?" என்றேன்.

"சொன்னா? இவளுக்கு ஒரு மவன் இருக்கான். அவனுக்குப் பொண்ணு பாக்கணும்லா. ஒங்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. நீதான் தண்டுக்கே ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சவனாச்சே."

"ஒன் பொண்ணுவளையும் ஒரு தடவ ரத்தம் பாக்கச் சொல்லணும் சித்தி."

"போன வையிலே" என்றாள். வைத்தது அவள்தான்.

தங்கை மகனிடம் யார் சொல்வது என்று வந்தபோது மாப்பிள்ளை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். "நான் பெத்தவ. என் வயித்துல இருந்துதான் வந்துச்சுன்னு நானே எப்படிச் சொல்லுவேன்? நீ தாய்மாமன். நல்லது கெட்டது நீதான சொல்லணும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவைகுண்டம் போனேன். நூலகத்துப் பழைய அட்டைகளில் மூன்றை எடுத்து, சொல்ல வேண்டியவற்றை வரிசையாகக் குறித்து வைத்திருந்தேன். வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. தங்கை அடுப்படியில் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வா, அணை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று அவனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அணையில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் புதிதாகக் காதில் கருவி மாட்டியிருந்தார்கள். அந்த இரைச்சலில் அது கூவியது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுவரில் சாய்ந்து நின்றோம். நான் பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. அவனுடைய ஆச்சியில் ஆரம்பித்தேன், மூன்று சதுரங்களைச் சொன்னேன், சல்லடையைச் சொன்னேன், அவன் அம்மா எதற்காக அழுதாள் என்று சொன்னேன். என் முட்டாள்தனத்தை மறைக்காமல் சொன்னேன். "நீ உடனே டாக்டரப் பாக்கணும், நாள் கடத்தக் கூடாது" என்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

அவன் நெருங்கி வந்தான். பிறகு என் இடது கையைத் தூக்கி, அந்த அதிர்வு இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, உதடு "சரி மாமா" என்றது. தலையையும் ஆட்டினான். கண் கலங்கியிருந்தது. என் முழங்கையைப் பிடித்து வீடு வரை கூட்டிக்கொண்டு வந்தான்.

"சொல்லிட்டேன்" என்றேன் தங்கையிடம். "தங்கமான பிள்ள. ஒரு எதிர்க் கேள்வி கேக்கல."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தான். முதலில் சிறுநீர், ரத்தம், அழுத்தம். மதியம் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. ஆனால் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது, கொஞ்சம் ரத்தமும் இருக்கிறது.

"மாமாவுக்கு இருக்கிறதேதான் உங்களுக்கும் இருக்கும்னு நினைக்கிறேன். ஜீன் டெஸ்ட்ல உறுதி பண்ணிக்கலாம். காதையும் பார்க்கணும். பயப்படாதீங்க, நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம்."

அவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். இரண்டு குழாய் ரத்தம் கொடுத்தான். மாத்திரை வாங்கும்போது, தினமும் ஒன்று, விடக் கூடாது என்று மருந்துக் கடைக்காரர் சொல்லச் சொல்லச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தான்.

எதிரே டீக்கடை. அவனுக்கு ஒரு டீ, எனக்கு அரை டீ. அன்றைய லிட்டரில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் அசதி. ஆனாலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளே ஒரு திருப்தி. பயம் உண்மையாகிவிட்டதே என்ற வருத்தத்துக்கு அடியில் அது இருந்தது. எனக்குப் பிந்திவிட்டது, இவனுக்குப் பிந்தவில்லை. என் பேச்சு ஒருவனைச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. இருபத்தெட்டு வருடம் வாசித்ததற்கு இன்றுதான் ஒரு பிரயோசனம்.

"அன்னைக்கு அணையில வச்சு மாமா அவ்வளவும் சொன்னது நல்லதாப் போச்சு, பாத்தியா?" என்றேன்.

அவன் டீயைக் குடித்து முடித்தான். தம்ளரைப் பலகையில் வைத்தான். நான் கருவியைக் காதில் மாட்டியிருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு, சத்தமாகவே சொன்னான்.

"தண்ணி எரைச்சல்ல எனக்கு ஒண்ணுமே கேக்கல மாமா. நெஞ்சத் தொட்டுத் தொட்டு அழுதீங்க. அம்மையால குடுக்க முடியல, அதான் எங்கிட்ட கிட்னி கேக்குதீங்கன்னு நெனச்சேன். சரின்னேன். இதுக்குன்னு தெரிஞ்சிருந்தா லீவு போட்டுட்டு வந்திருக்கவே மாட்டேன்."